டபுள் கிளிக்கில் மாறிய நட்சத்திரம்

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

குருவின் பெயர் ஜுலைகா பானு. கும்பகோணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், விண்டோஸில் ஓடும் புரோகிராம்களை எழுதக் கற்றுத்தருகிறார். போர்டு கிடையாது. தேடி வருகிறவர்களுக்குத்தான் பாடம், அதிலும் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

சீடர் அறவாழி. ஒரு சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் கரும்புச் சாற்றை அளந்துவிட்டு ஓய்வு பெற்றவர். இரண்டு தசம இடம் வரை அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். காபியில் சர்க்கரை போதுமா என்று வீட்டில் கேட்டால்கூட எண்ணில்தான் பதில் சொல்வார். அப்படிப்பட்டவருக்கு ஜோதிடத்தின் மேல் ஆசை வந்தது ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது. ஜாதகம் கணிக்கும் புரோகிராம் எழுத வேண்டும் என்று வந்து நின்றார். ஜுலைகா திருப்பி அனுப்பவில்லை.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் அறவாழி கேட்டார்.

"மேடம், ஒரு கோப்பை டபுள் கிளிக் பண்ணினா அதுக்கான புரோகிராம் தானா திறக்குதே. அந்தக் கோப்புக்கு எப்படித் தெரியும்?"

"கோப்புக்குத் தெரியாது."

"பின்னே?"

ஜுலைகா ரெஜிஸ்ட்ரியைத் திறந்து காட்டினார். விண்டோஸ் தன் விவரங்களையெல்லாம் எழுதி வைத்திருக்கும் பதிவேடு அது. ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் கடைசியில் புள்ளி வைத்து மூன்று நான்கு எழுத்தில் ஒரு வால் இருக்கும். அந்த வால் ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் ஒரு பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயரைத் தேடிப் போனால், எந்தப் புரோகிராமைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு வரி கிடைக்கும்.

"அந்தப் பெயரை யார் எழுதறாங்க?"

"இன்ஸ்டால் பண்ணும்போது அந்தந்த புரோகிராம் எழுதும்."

"வேற ஒருத்தர் பெயர் இருந்தா, அதுக்கு மேலயே எழுத முடியுமா?"

"முடியும்," என்றார் ஜுலைகா.

அன்றைக்கு அறவாழிக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

ஒன்றரை வருஷத்தில் புரோகிராமை எழுதி முடித்தார். பெயர் 'கோள்நிலை'. இன்றைய வானியல் கணக்கை வைத்துக் கிரகங்களைக் குறிக்கும் திருக்கணித முறைதான் அதில் இருந்தது. பழைய சூத்திரங்களால் கணக்குப் போடும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அவர் இடமே கொடுக்கவில்லை. "தப்பான தராசை எதுக்குக் கடையில வைக்கணும்?" என்பார்.

ஆனால் சுற்றுவட்டார ஜோசியர்கள் எல்லாரும் 'ஜாதகமலர்' என்ற பழைய புரோகிராமைத்தான் வைத்திருந்தார்கள். அது வாக்கியத்தில் கணிப்பது. அவர்கள் சேர்த்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான ஜாதகங்கள் ஜேஎம்எல் என்ற வாலோடு இருந்தன. அறவாழி யோசித்தார். அந்தக் கோப்புகளையும் கோள்நிலையே திறக்கும்படி செய்தார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஜேஎம்எல் என்ற வாலுக்கு நேரே பதிவேட்டில் இருக்கும் பெயரை மாற்றி, தன் புரோகிராமின் பெயரை எழுதும் ஒரு வரியை, புரோகிராமைக் கம்ப்யூட்டரில் நிறுவும் இன்ஸ்டாலரில் சேர்த்தார்.

எழுதிய ஒவ்வொரு வரியையும் குருவிடம் காட்டுகிறவர், இதைக் காட்டவில்லை. மறைக்க நினைத்தார் என்று சொல்ல முடியாது. நல்லது செய்வதற்கு அனுமதி எதற்கு என்று நினைத்தார்.

பதினான்கு ஜோசியர்கள் கோள்நிலையைத் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டார்கள். பார்ப்போம் என்றுதான் போட்டார்கள்.

ஐந்தாவது வாரம், காலை பத்து மணிக்கு, நாச்சியார்கோவில் பஞ்சநாதம் ஜோசியர் போன் செய்தார்.

"சார், ஒரு பொண்ணோட நட்சத்திரம் மாறிடுச்சு."

"நட்சத்திரம் எப்படிங்க மாறும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். மூணு மாசம் முன்னாடி மகம். பொருத்தம் பாத்து, நிச்சயமும் ஆயிடுச்சு. முகூர்த்தம் குறிக்கலாம்னு நேத்து அதே கோப்பைத் திறந்தேன். ஏற்கெனவே பாத்த ஜாதகம்தானேன்னு நான் படிக்காம பிரிண்ட் போட்டு மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தியம்மா கையில கொடுத்துட்டேன். அவங்க படிச்சுட்டாங்க. ஆயில்யம்னு இருக்கு சார்."

ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்று அந்தப் பக்கத்தில் பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையால் கல்யாணம் ஆகாமல் நிற்கிற பெண்கள் தெருவுக்கு ஒருத்தி இருப்பாள்.

"என் கோள்நிலையில திறந்தீங்களா?"

"இல்லையே. எப்பவும் போலத்தான், டபுள் கிளிக். கோப்பு மேல இருந்த தாமரைப் படம் போயி ஒரு உருண்டைப் படம் வந்திருந்துச்சு. விண்டோஸ்காரன் அழகு பண்ணியிருக்கான்னு நெனச்சேன்."

அந்த உருண்டை, கோள்நிலைக்காக அறவாழி தன் கையால் வரைந்த சனி கிரகம்.

குருவிடம் சொல்லாமல் முடித்துவிடலாம் என்று பார்த்தார். கோள்நிலையை நீக்கிவிடும்படி போனிலேயே சொல்லிக்கொடுத்தார். ஜோசியர் நீக்கினார். கால் மணி நேரத்தில் திரும்பவும் போன்.

"சார், இப்ப உருண்டையும் இல்ல, தாமரையும் இல்ல. எல்லாம் வெள்ளைத் தாளா நிக்குது. கிளிக் பண்ணினா எதுல திறக்கணும்னு என்னைக் கேக்குது. எனக்கு என்ன தெரியும்? சம்பந்தியம்மா மூணு மணிக்கு வர்றேன்னுட்டாங்க. பொண்ணு வீட்டுல காசு வாங்கிட்டு நான்தான் ஆயில்யத்தை மகம்னு மாத்தினேனாம். முப்பத்தஞ்சு வருஷத்துல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல சார்."



அறவாழி மாடிப்படி ஏறினார். ஜுலைகா முன்னால் உட்கார்ந்து, இன்ஸ்டாலரில் சேர்த்த வரியிலிருந்து வெள்ளைத் தாள் வரை சொல்லி முடித்தார். ஜோசியர் மெயிலில் அனுப்பியிருந்த கோப்பையும் காட்டினார்.

"மேடம், இது மூணு மாசமா யாரும் தொடாத கோப்பு. தேதியைப் பாருங்க. ஒரு எழுத்து மாறல. ஆனா முதல்ல மகம், இப்ப ஆயில்யம். எனக்குத் தலை சுத்துது. எது உண்மை?"

"எனக்கு ஜாதகமே எழுதல சார். என்னைக் கேக்கறீங்களே."

"கணக்கைத்தான் கேக்கறேன்."

"நோட்பேட்ல திறங்க."

திறந்தார். உள்ளே நான்கே வரி. பெயர் கோகிலவாணி. பிறந்த தேதி. நேரம் அதிகாலை நாலு ஐம்பத்திரண்டு. ஊர் கும்பகோணம்.

"நட்சத்திரம் எங்க இருக்கு?"

"இல்ல மேடம். அது திறக்கிற புரோகிராம் கணக்குப் போட்டுச் சொல்றது. இந்தப் பொண்ணு பொறந்த நேரத்துல சந்திரன் ஆயில்யத்துக்கும் மகத்துக்கும் எல்லையில இருக்கான். வாக்கியப்படி தாண்டிட்டான். திருக்கணிதப்படி இன்னும் தாண்டல."

"ஜோசியர் டபுள் கிளிக் பண்ணினப்போ யாரைக் கூப்பிட்டார்?"

"ஜாதகமலரை."

"வந்தது யாரு?"

ஜுலைகா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"பஸ் எத்தனை மணிக்கு?"

"நீங்க எதுக்கு மேடம்? இங்கேயே ஒரு வரி சொல்லுங்க, போன்ல சொல்லிடறேன்."

"காலையில போன்லதானே சொன்னீங்க."

நாச்சியார்கோவில் பஸ்ஸில் ஏறினார்கள். வழியில் அறவாழி இரண்டு தடவை, "ரெண்டு புரோகிராமும் பொய் சொல்லல. பின்னே எப்படி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஜோசியர் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் இருந்தது. ஓரத்து நாற்காலியில் ஒருவர் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அப்பா சிங்காரவேலு என்று ஜோசியர் சொன்னார்.

"எம் பொண்ணு நேத்திலேருந்து ஒரு வாய் சாப்பிடல," என்றார் சிங்காரவேலு. "நாங்க ஏமாத்தினோம்னு ஊரெல்லாம் பேச்சாயிடுச்சு. நான் எதையும் மாத்தலைங்க."

அறவாழிக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டார். பதிவேட்டைத் திறந்து தேடினார். ஜேஎம்எல் என்ற வாலுக்கு இருந்த இடமே காணோம். கோள்நிலை நீங்கும்போது அதையும் சேர்த்து அழித்துவிட்டுப் போயிருந்தது. அப்படி அழிக்கச் சொல்லி எழுதியவரும் அவர்தான்.

"உங்க பேரை எழுதறதுக்கு முன்னாடி அங்க என்ன பேர் இருந்துச்சு?" என்று ஜுலைகா கேட்டார்.

"பாக்கல மேடம்."

"எங்கேயாவது எடுத்து வெச்சீங்களா?"

"இல்ல."

ஜுலைகா அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கீபோர்டைத் தொடவில்லை.

அறவாழி தேடினார். பதிவேட்டில் பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. எது எதற்கு என்று ஒன்றும் விளங்கவில்லை. ஜாதகமலரை எழுதியவர் என்ன பெயர் வைத்திருப்பார் என்று ஊகிக்க வேண்டியிருந்தது. ஜாதகம் என்று தேடினார், இல்லை. மலர் என்று தேடினார், இல்லை. ஒரு மணி நேரம் கழித்து, அந்தப் புரோகிராம் இருக்கும் ஃபோல்டரின் பாதையை வைத்துத் தேடினார். கிடைத்தது. 'சரசு ஒன்று' என்று பெயர் வைத்திருந்தார் அதை எழுதியவர். யார் அந்தச் சரசுவோ! கூப்பிட வேண்டிய வரியும் அதன் கீழே அப்படியே இருந்தது. வீட்டை யாரும் இடிக்கவில்லை, வழிகாட்டும் பலகையைத்தான் அறவாழி பிடுங்கியிருந்தார்.

ஜேஎம்எல் என்ற வாலுக்கு மறுபடி ஓர் இடம் போட்டு, அந்தப் பெயரை எழுதினார். வெள்ளைத் தாள்கள் எல்லாம் தாமரையாக மாறின.

"வந்துடுச்சு!" என்று ஜோசியர் கையைத் தட்டினார்.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா சம்பூரணம் கையில் அந்தப் பிரிண்டோடு உள்ளே வந்தார். அறுபது வயது இருக்கும். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"யாரு இவங்க? புதுசா சாட்சி சொல்ல ஆள் பிடிச்சு வெச்சிருக்கீங்களா?"

அறவாழி எழுந்து நின்றார்.

"அம்மா, தப்பு என்னோடதும்மா. ஜோசியரும் மாத்தல, இவரும் மாத்தல. நான் ஒரு புரோகிராம் எழுதினேன். இந்தக் கோப்பைத் தொட்டா ஜோசியரோட புரோகிராம் வரணும். என்னோடது வர்ற மாதிரி பண்ணிட்டேன். யாரையும் கேக்காம பண்ணிட்டேன். என்னோடது வேற கணக்கு. அதான் ஆயில்யம்னு காட்டுச்சு."

சம்பூரணத்துக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் அறுபது வயதை நெருங்கும் ஒரு மனிதர் அப்படி நின்றதைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஜோசியர் தாமரையைத் தொட்டுத் திறந்தார். கட்டம் வந்தது. மகம், முதல் பாதம்.

"நாங்க மூணு தலைமுறையா வாக்கியத்துலதான் பாக்கறோம்மா," என்றார். "உங்க பையன் ஜாதகமும் நான் அதுலதான் கணிச்சேன்."

சம்பூரணம் திரையைப் பார்த்தார். கையில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு அறவாழியைப் பார்த்தார்.

"நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க. உங்க கணக்கு தப்பா?"

அறவாழி வாயைத் திறந்தார். என் கணக்கு வானத்தில் இருப்பதை அப்படியே சொல்வது என்ற வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. இந்த ஒன்றரை வருஷத்தில் நூறு பேரிடம் சொல்லிப் பழகிய வாக்கியம். ஓரத்தில் சிங்காரவேலு மூச்சு விடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு என்று சொன்னால் பொய். சரி என்று சொன்னால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும். உதவிக்கு ஜுலைகாவைப் பார்த்தார். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

"தப்பு இல்லைங்கம்மா," என்றார் அறவாழி.

சிங்காரவேலு கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப இந்தப் பொண்ணு வந்தா எனக்கு ஆகாதா?" சம்பூரணத்தின் குரல் இறங்கியிருந்தது. கோபம் போய்விட்டது, அதற்குப் பின்னால் இருந்த பயம்தான் மிச்சம். "வெக்கத்தை விட்டுக் கேக்கறேன். போன வருஷம்தான் எனக்கு இதயத்துல ஸ்டென்ட் வெச்சாங்க. சொல்லுங்க, அது உங்க மிஷின்ல இருக்கா?"

அறவாழி வெகுநேரம் யோசித்தார். தான் எழுதிய புரோகிராமை முதல் வரியிலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார் என்று தோன்றுகிறது. அவர் அப்படிப்பட்ட ஆள்தான்.

"அம்மா, அதுல பதினோராயிரம் வரி இருக்கு. எல்லாம் நான் எழுதினது. சந்திரன் எங்கே, சூரியன் எங்கேன்னு இருக்கு. மாமியாரைப் பத்தி ஒரு வரிகூட இல்லை. இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"உங்க ஜாதகமலர்ல?" என்று சம்பூரணம் ஜோசியரைக் கேட்டார்.

ஜோசியர் தலையைச் சொறிந்தார். "அதுலயும் இல்லதாம்மா. நாமதான் சேத்துப் படிக்கறோம்."

சம்பூரணம் அந்தத் தாளை இரண்டாக மடித்தார். மறுபடி மடித்தார்.

"எம் மாமியாருக்கும் என் நட்சத்திரம் ஆகாதுன்னுதான் சொன்னாங்க," என்றார். "தொண்ணூத்தோரு வயசு வரைக்கும் குத்துக்கல்லாட்டம் உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டு இருந்துச்சு."

சிங்காரவேலுதான் முதலில் சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒன்று. சம்பூரணமும் சிரித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முகூர்த்தத்தைப் பாருங்க ஜோசியரே. நீங்க எதுல பாப்பீங்களோ அதுல பாருங்க." பிறகு சிங்காரவேலு பக்கம் திரும்பினார். "பொண்ணுக்குப் போன் போடுங்க. சாப்பிடச் சொல்லுங்க. நான் பேசறேன்."

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. அறவாழி கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். ஜுலைகா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தார்.

"இன்னும் பதிமூணு ஜோசியர் இருக்காங்க மேடம்."

"ஆமா."

"எல்லார் வீட்டுக்கும் போகணும்."

"போங்க."

"அந்த வரியை எடுத்துடறேன். ஆனா என் பேரை அங்க எழுதாம விட்டா, என் புரோகிராம்ல யார் திறப்பாங்க?"

"வேணுங்கறவங்க."

பஸ் வரவில்லை. அறவாழி சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மேடம், ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது. நேத்து வரைக்கும் எது சரின்னு எனக்குச் சந்தேகமே இல்ல. எல்லாருக்கும் என்னோடதையே திறந்து விட்டா போதும்னு இருந்தேன். இப்ப ரெண்டுல எது சரின்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. ஒரே குழப்பமா இருக்கு."

ஜுலைகா சிரிக்கவில்லை.

"நல்லது சார். இந்தக் குழப்பம் தெளியறதுக்குள்ள இன்ஸ்டாலரை மறுபடி எழுதிடுங்க."